முன்தண்டுக்காரன்

உக்காருங்க அண்ணாச்சி. கரண்ட் போயிட்டு, இப்ப வந்திரும். வந்தாலும் இந்த மிஷின் சூடாக அஞ்சு நிமிசம் ஆவும். நீங்க தேடி வந்த பேப்பர் எங்கிட்டதான் இருக்கு. இந்தா, லேமினேஷனே பண்ணி வச்சிருக்கேன். ‘பேராச்சியம்மன் கோயில் சப்பரம் தூக்குவோர் உடல்தகுதிச் சோதனை விதிமுறைகள்’. தலைப்பு நான் போட்டது. உள்ள இருக்கிற பதினோரு விதியும் நான் எழுதினது. உங்க ஊர் கமிட்டியிலயும் இதக் கொண்டுவரணும்னு எங்க கமிட்டித் தலைவரு தாணு அண்ணாச்சிட்ட கேட்டியளாம், போன் போட்டுச் சொன்னாரு. என் கடைக்குப் போகச் சொல்லும்போது சிரிச்சாரா? சிரிச்சிருப்பாரு. பரவால்ல.

காப்பி தாரேன். ஆனா விஷயத்த முழுசாக் கேட்டுட்டு வாங்கிட்டுப் போங்க. பொறவு பிரமநாயகம் ஒண்ணும் சொல்லலையேன்னு நெனைக்கக் கூடாதுல்லா.

உங்க ஊருல எத்தனை பேரு தூக்கு? பதினாறா. எங்களுக்கு எட்டு. சின்னச் சப்பரம். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு தண்டு, ஒரு தண்டுக்கு முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு. இதுல முன்தண்டு வலப்பக்கம் முதல் ஆள்னா அது நான்தான். இருபத்தாறு வருஷமா. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் எங்க மாமனார் அவரு எடத்த எனக்கு விட்டுக் குடுத்தாரு. சொந்த மகன், என் மச்சினன் ஆவுடையப்பன், மலை மாதிரி நிக்கான். அவன இருக்க வச்சிக்கிட்டு மருமகனுக்குக் குடுத்தாரு. ஆவுடைக்கு எனக்கு நேர் பின்னால ரெண்டாவது எடம்.

அந்த முதல் எடத்துக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். சப்பரம் கெளம்பும்போது முதல் மாலை அவனுக்குத்தான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பொம்பளைய மஞ்சத் தண்ணி கொண்டு வந்து ஊத்துவாவல்லா, முதல் செம்பு என் கால்லதான் விழும். வருஷத்துல மிச்ச நாளெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு என்ன மரியாதை சொல்லுங்க. ‘அண்ணே, முன்னப் பின்ன ரெண்டு பக்கமும் எடுங்க.’ அம்புட்டுதான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் கலெக்டர் எதுக்க வந்தாலும் நான் ஒதுங்க வேண்டாம், அவர்தான் ஒதுங்கணும். அந்த எடம் போச்சுன்னா நான் வெறும் ஜெராக்ஸ்.

இன்னொரு சங்கதி. இதச் சொல்ல இப்ப எனக்கே கூசுது. சப்பரம் எறக்கினதும் மத்த ஏழு பேரும் நாக்கத் தள்ளிக்கிட்டு நிப்பானுவ. வேட்டி நனைஞ்சு, தோளு கன்னி, ஒருத்தனுக்குக் கண்ணு இருட்டிட்டு வரும். எனக்கு ஒரு சொட்டு வேர்வை இருக்காது. திருநீறு கூட அழியாது. கேப்பாவ, எப்படி பிரமநாயகம்னு. நான் சொல்லுவேன், அம்மன் எனக்கு மட்டும் பூ மாதிரி இருக்கா, மனசுல கள்ளம் இருக்கவனுக்குத்தான் கனப்பான்னு. டீக்கடையில சொல்லியிருக்கேன், சம்பந்தகாரங்க வீட்டுல சொல்லியிருக்கேன். புதுசா தூக்க வந்த பயலுவளுக்கு மூச்ச எப்படி விடணும்னு வகுப்பு எடுத்திருக்கேன். அவனுவளும் கையக் கட்டிக்கிட்டுக் கேட்டானுவ.

போன வருஷக் கொடைத் திருவிழாவுல என்னாச்சுன்னா, வடக்குத் தெரு முக்குல சப்பரம் திரும்புது. நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு. திடீர்னு என் தோளுல இடி விழுந்த மாதிரி தண்டு இறங்கிச்சு. முட்டு மடங்கிட்டு. அம்மன் வலப்பக்கமாச் சரிஞ்சு, சாத்தியிருந்த மால நழுவி ரோட்டுல விழுந்துட்டு. ஒரு நொடிதான். அடுத்த நொடி சப்பரம் நிமிந்துட்டு. ஆனா பாத்தவுக எல்லாரும் பாத்துட்டாவ. ஆத்தாளக் கீழ போடப் பாத்தானுவளேன்னு பொம்பளைய கன்னத்துல போட்டுக்கிட்டாவ.

நான் திரும்பிப் பாத்தேன். ஆவுடை தண்டுக்கு வெளிய நின்னு, தொங்கிக் கெடந்த கேபிள் வயரக் கையால தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கான். அம்மன் தலையில வயர் தட்டிரும்னு மூணு அடி வெளிய வந்திருக்கான், பொறவு உள்ள புகுந்துட்டான். எனக்கு வந்த கோவத்தப் பாக்கணும். தூக்க வந்தவன் தூக்காம வயரப் பாத்துக்கிட்டு நின்னா சப்பரம் சரியாம என்ன செய்யும்? வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டி உலகம்மைட்ட, ஒந்தம்பி தொந்தியத் தூக்கவே அவனால முடியல, அம்மன எங்க தூக்கப் போறான்னு ஏசினேன். அவ ரசத்துக்கு அப்பளம் வேணுமான்னு கேட்டா.

ஆவுடைய வெளியேத்தணும். ஆனா மச்சினன், நேராச் சொன்னா வீட்டுல சோறு கெடைக்காது. யோசிச்சேன். போன்ல ஒரு வீடியோ பாத்தேன், ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளத்துல தோளு பலம், கை பலம், எவ்வளவு நேரம் தாங்குதான்னு எல்லாம் சோதிச்சுத்தான் ஆள எடுக்கான். கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சேன். போன வருஷம் நடந்தது அம்மனுக்கே அவமானம், இனிமே தகுதி உள்ளவன்தான் தண்டுக்கு அடியில நிக்கணும், தண்டால், கம்பியில தொங்குறது, மூட்டை தூக்கி நடக்குறது, இந்த மூணுலயும் தேறணும், ஒண்ணுல தவறினாலும் வெளியன்னேன். ஆவுடையப் பாக்காமத்தான் சொன்னேன். எல்லாரும் அவனைத்தான் பாத்தாவ. அவன் தலைய ஆட்டிக்கிட்டு, அத்தான் சொல்லுதது சரின்னுட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

விதி எழுதி, சன்னதியில கற்பூரம் கொளுத்தி, அம்மன் கேக்க வாசிச்சாச்சு. எங்க கோயில்ல அப்படி வாசிச்சிட்டா அந்த வருஷக் கொடை முடியுத வரைக்கும் ஒரு புள்ளியக் கூட மாத்தக் கூடாது. அதையும் நான்தான் எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினேன்.

பொறவுதான் உதிச்சுது, நானும் தண்டால் எடுக்கணுமேன்னு. எனக்கு அம்பத்திமூணு வயசு. கடைசியா தண்டால் எடுத்தது எட்டாங்கிளாஸ்ல, அதுவும் தண்டனைக்கு.

மத்தியானம் கடையில ஆள் வராத நேரம் பாத்து இந்தா, இந்த மிஷினுக்கும் அந்த மேசைக்கும் நடுவுல படுத்தேன். ஒண்ணு எடுத்தேன். ரெண்டு எடுத்தேன். மூணாவதுக்குக் கீழ போனவன் வரல. கன்னம் தரையில, வாயில தூசி, அப்படியே கெடக்கேன். அந்த நேரம் பாத்து ஒரு அம்மா ஆதார் கார்ட நீட்டிக்கிட்டு, ‘ஆளு இருக்கா’ங்கா. ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்துட்டு, தேடுதேன்னேன். அந்த அம்மா நல்ல மனுஷி, தானும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சிட்டா. இல்லாத அந்தப் பின்ன நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தேடினோம்.

ஆனா விடல அண்ணாச்சி. மூணு மாசம். காலையில ரெண்டு முட்டை, மத்தியானம் தண்டால், சாயங்காலம் வீட்டு மாடியில கொடிக் கம்பியப் பிடிச்சுத் தொங்குறது. அந்தக் கம்பி ஒரு நாள் வளைஞ்சு, காயப்போட்டிருந்த சேலையோட கீழ விழுந்தேன். உலகம்மை மேல வந்து சேலையத்தான் மொதல்ல எடுத்தா. மூணு மாசத்துல இருபத்திரெண்டு தண்டால் வந்துட்டு. இருபத்திரெண்டு. நீங்க எடுத்துப் பாருங்க, தெரியும்.

சோதனை நடத்த யாரக் கூப்பிடன்னு கேட்டப்போ, பொண்ணுங்க பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ஜெபக்கனியச் சொன்னதும் நான்தான். வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ, இங்க யாருக்கும் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல, ஒரு பக்கம் சாய மாட்டா. உண்மையிலேயே சாயல. அதுதான் என் கெட்ட நேரம்.

ஞாயித்துக்கிழமை காலையில கோயில் முன்னாடி மைதானத்துல தெருவே கூடிட்டு. மொத சோதனை தண்டால், இருபது எடுக்கணும். ஆவுடை லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுதவன், கை ரெண்டும் தூண் மாதிரி. ஆனா நடுவுல தொந்தி இருக்குல்லா. நெஞ்சு எறங்குததுக்கு முன்னால அதுதான் தரையத் தொடுது. ஒம்பதோட மூச்சு முட்டி உக்காந்துட்டான். டீச்சர் நோட்டுல, தேறலன்னு எழுதிட்டா. நான் இருபத்திரெண்டும் எடுத்தேன். கைதட்டினாவ. கம்பியில தொங்குறதுலயும் நான்தான் கடைசியா எறங்கினேன். உலகம்மை எங்க நிக்கான்னு பாத்தேன். அவ தம்பிக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு நின்னா.

மூணாவது மூட்டை. இந்த எடத்துலதான் டீச்சர் ஒண்ணு கேட்டா. மூட்டையில எத்தனை கிலோ மணல் போடணும் சார், ஒவ்வொருத்தரும் சப்பரத்துல எவ்வளவு எடை சுமக்குறீங்கன்னா. யாருக்கும் தெரியல. முப்பதுங்கான் ஒருத்தன், அம்பதுங்கான் ஒருத்தன். அளந்துரலாம்னுட்டா. சப்பரத்த வெளிய எடுக்கச் சொல்லி, அம்மன் எடத்துல, கோயில் கணக்குல உள்ள அவ எடைக்கு மணல் மூட்டைய வச்சா. பள்ளிக்கூடத்துல பிள்ளைய ஏறி நின்னு எடை பாக்கிற மிஷின் ஒண்ணு கொண்டாந்திருந்தா. ஒருத்தர் அதுல ஏறி நிக்கணும், எட்டு பேரும் சேந்து தூக்கணும், அவரு சொந்த எடையக் கழிச்சா மிச்சம் அவரு சுமக்குத எடை. மிஷின் ரெண்டு விரக்கடை உசரம் இருக்குன்னு மத்த ஏழு பேரு காலுக்கடியிலயும் அதே உசரத்துக்குப் பலகை போட்டா பாருங்க. கணக்கு வாத்தியார் தோத்துப்போவாரு. ஆவுடை தேறாட்டியும், எட்டு பேரு வேணும்லா, அதனால அவனும் வந்து நின்னான்.

மொத ஆளு யாருன்னு டீச்சர் கேட்டா. இதென்ன கேள்வி, முன்தண்டு முதல் ஆள் நான் இருக்கும்போது? ஏறினேன். சும்மா நிக்கும்போது அறுபத்தியோரு கிலோ. சத்தமா வாசிச்சா. தூக்குங்கன்னா. தூக்கினோம். எனக்கு வழக்கம் போலப் பூ மாதிரி இருந்துச்சு. டீச்சர் குனிஞ்சு பாத்தா. எந்திரிச்சா. மறுபடியும் குனிஞ்சா.

“சார், எறங்கி இன்னொரு தடவை ஏறுங்க.”

ஏறினேன். தூக்கினோம். அம்பத்தொம்பதுன்னா.

எனக்கு வெளங்கல. தண்டு தோளுல இருக்கும்போது எடை கூடணும்லா, எப்படிக் குறையும்? மிஷின் கோளாறுன்னேன். நானே கடைக்கு ஓடி வந்து புது பேட்டரி எடுத்துட்டுப் போயி மாட்டினேன். மூணாந்தடவையும் அம்பத்தொம்பதுதான். தாணு அண்ணாச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து, என் தோளுக்கும் தண்டுக்கும் நடுவுல வெரல விட்டுப் பாத்தாரு. வெரலு போச்சு.

“ஒந் தோளு தண்டுல படவே இல்லியே டே. கையாலல்லா தொங்கிக்கிட்டு நிக்க.”

ஆவுடை என்ன விட முக்கால் சாண் உசரம். பின்னால அவன் தோளுல தண்டு உக்காந்துட்டா, எனக்கு எட்டாது. நான் கையத் தூக்கி அதப் பிடிச்சிட்டு நடந்திருக்கேன், அம்புட்டுதான். நான் அம்மனத் தூக்கல அண்ணாச்சி. அம்மன் என்ன ரெண்டு கிலோ தூக்கியிருக்கா, வருஷா வருஷம். ரெண்டு கிலோன்னு ஊருல சொல்லுதாவ. சரியாச் சொன்னா ஒண்ணே முக்கால்.

அடுத்து ஆவுடை ஏறினான். அவன் சொந்த எடை எம்பத்தெட்டு. தூக்கும்போது நூத்தி நாப்பத்தேழு. கழிச்சுப் பாருங்க. அந்த மூலையில ரெண்டு பேரு சுமக்க வேண்டியதும், நான் தொங்குத ரெண்டு கிலோவும் சேத்து, அவன் ஒருத்தன் தோளுல. போன வருஷம் அவன் வெளிய வந்த அந்த மூணு அடிதான், இத்தனை வருஷத்துல மொத தடவையா எடை எம்மேல எறங்கியிருக்கு. அம்மனச் சரிச்சது நான்தான்.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவல. ஒருத்தன் தொண்டையக் கனைச்சான், அதுக்கே அவன் பொண்டாட்டி அவன முறைச்சா. டீச்சர் பாவம், தான் ஏதோ தப்புப் பண்ணிட்டமோன்னு நோட்ட மூடி மூடித் தொறந்தா. பொறவு எடையெல்லாம் கூட்டி, எட்டால வகுத்து, மூட்டையில முப்பது கிலோ மணல் போட்டு நடத்தினா. நானும் தூக்கி ஒரு சுத்து நடந்தேன். தேறிட்டேன். பேப்பர்ல பாத்தா இன்னைக்கும் எட்டு பேருல நான்தான் முதல் மார்க். ஆவுடை வெளிய. கற்பூரம் கொளுத்தி வாசிச்ச விதி, யாரு மாத்த?

இந்தா, கரண்ட் வந்துட்டு. இருங்க, ஓடட்டும், சூடாகணும்.

அன்னைக்குச் சாயங்காலம் அவன் பஞ்சர் கடைக்குப் போனேன். ஒரு டயர நெஞ்சோட அணைச்சுத் தூக்கி ஓரமா வச்சிட்டு, ஸ்டூல எனக்குத் தள்ளினான். ஒனக்குத் தெரியுமாலேன்னு கேட்டேன்.

“மொத வருஷமே தெரியும் அத்தான்.”

அப்ப ஏன்லே வாயத் தொறக்கலன்னு கேட்டேன். டியூபத் தண்ணியில முக்கி முக்கிப் பாத்துக்கிட்டே சொன்னான்.

“அம்மன் எனக்குப் பூ மாதிரின்னு நீங்க சொல்லும்போதெல்லாம் அக்கா மொகத்தப் பாப்பேன். நல்லாத்தான இருந்தா. எனக்கென்ன, இன்னொரு ஆளு எடை, தூக்கிட்டுப் போறேன்.”

அடிச்சிருந்தாக் கூட வாங்கிட்டு வந்திருப்பேன் அண்ணாச்சி. டீ வாங்கித் தாரேன்னான். குடிச்சிட்டு வந்துட்டேன்.

போன மாசம் கொடை. ஆவுடை எடத்துல தாணு அண்ணாச்சி தங்கச்சி மகன் நின்னான். அவன் என் உசரம். நான் ஒரு முடிவோட வந்திருந்தேன். பழைய துண்டு நாலு சேத்து, தலையணை மாதிரித் தச்சு, தோளுல கட்டிக்கிட்டேன். இந்தத் தடவை எடை எம்மேலதான் உக்காரணும், உக்காந்தே ஆகணும்னு. இருபத்தாறு வருஷப் பாக்கியையும் ஒரே சாயங்காலத்துல தீத்துரலாம்னு ஒரு வீம்பு. முதல் மாலையப் போட்டாவ. என்னால நிமிந்து பாக்க முடியல.

தூக்கினோம். ஆத்தாடி. அத எப்படிச் சொல்ல? தோளெலும்ப ஆணி வச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு. காது அடைச்சுப்போச்சு, மேளம் எங்கேயோ அடிக்கிற மாதிரிக் கேக்குது. மூச்ச எப்படி விடணும்னு ஊருக்கே வகுப்பு எடுத்தவன் மூச்சே விடல. ஒண்ணு, ரெண்டுன்னு அடிய எண்ணினேன். பத்தாவது அடியில தெரிஞ்சு போச்சு, இன்னும் ஒண்ணு எடுத்து வச்சா அம்மன் ரோட்டுல. மானமா, அம்மனான்னு யோசிக்கக் கூட நேரமில்ல.

“ஏலே ஆவுடை, வாலே.”

கூட்டத்துக்குள்ள எங்க நின்னானோ, வந்து சேந்துட்டான். எங்கிட்ட எடத்தக் கேக்கல, கொள்ளல, எனக்கு முன்னால குனிஞ்சு தோளக் குடுத்தான். எடை எம்மேல இருந்து எந்திரிச்சுப் போச்சு. நான் வெளிய வந்துட்டேன். விதியத் தாண்டி ஒருத்தன் உள்ள போறான், தாணு அண்ணாச்சி பாத்துக்கிட்டே நின்னாரு, பொறவு மேளக்காரன்ட்ட ஏதோ பேசப் போயிட்டாரு. முதல் எடத்துல ஆவுடை போறான். அடுத்த வீட்டு வாசல்ல மஞ்சத் தண்ணிய அவன் கால்ல ஊத்தினாவ. சப்பரம் ஒரு பொட்டு சாயாமப் போச்சு. என் எடம் போச்சு அண்ணாச்சி. நானே கூப்பிட்டுக் குடுத்தேன்.

பத்து அடி. இருபத்தாறு வருஷத்துல நான் அம்மனத் தூக்கினது அந்தப் பத்து அடிதான்.

வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்ட முடியல, கை மேல எழும்பல. உலகம்மைதான் கழட்டிவிட்டா. கொடை முடிஞ்ச அன்னைக்கு அவ என் தோளுக்குத் தைலம் தேய்ப்பா, கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து வழக்கம். நானும் சப்பரம் தூக்கினவன்தானன்னு பெரிய மனுஷனாட்டம் முக்கிக்கிட்டே உக்காந்திருப்பேன். அன்னைக்கும் தைலத்த எடுத்துட்டு வந்தா. தோளப் பாத்தா. கன்னிப்போயி, தோலு உரிஞ்சு, ரத்தம் கட்டியிருந்துச்சு. வெரலால மெதுவாத் தொட்டா.

“இந்த வருஷந்தான் செவந்திருக்கு.”

அம்புட்டுதான் சொன்னா. பையப் பையத் தேய்க்க ஆரம்பிச்சா. வருஷா வருஷம் ஒரு சிராய்ப்பு கூட இல்லாத தோளுக்கு, வலிக்கா வலிக்கான்னு கேட்டுக்கிட்டே தைலம் தேய்ச்சிருக்கா. நானும் ஆமா வலிக்குன்னிருக்கேன். அன்னைக்கு அவ வலிக்கான்னு கேக்கல. நான்தான் அழுதேன்.